இரண்டே கால் அங்குலம்

1951ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை நண்பகலில், அயோவா மாநிலம் மேரோ க்ரீக் ஊர் மெதடிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் இவர்கள்: சங்கத் தலைவரும் பல் வைத்தியருமான எம்மெட் வாஸ், செயலரும் வங்கிக் காசாளருமான ஹோமர் யூட், ஆயுள் காப்பீடு விற்கும் டெல்பர்ட் க்ரம், ஊரின் சவ அடக்கங்களை நடத்தும் ஆர்லோ ஃபென்ஸ்கி, தானியக் கிடங்கு வைத்திருக்கும் க்ளைட் டெவ்ரீஸ், ஆண்கள் துணிக்கடை மில்டன் ஹேக், வாரப் பத்திரிகை வாரன் பிக்ஸ்லி, போதகர் லூதர் ஸ்ப்ரேக், இரும்புச் சாமான் கடைக்காரரும் சங்கத்தின் பாட்டுத் தலைவருமான லேலண்ட் ஆஸ்ட்ராண்டர். ஆக ஒன்பது பேர். பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, தொடக்கப் பாட்டின் இரண்டாவது அடியில், இவர்களில் எட்டுப் பேர் தரையை விட்டு எழும்பினார்கள். வெர்னா ஷுல்ட்ஸும் அங்கே இருந்தார். பியானோ வாசித்தவர் அவர்தான். ஆனால் அவர் பெண். பெண் உறுப்பினராக முடியாது. உறுப்பினர் அல்லாதவர் இருந்தவராகக் கணக்கில் வர முடியாது. அன்றைய குறிப்பேட்டில் 'இசை இருந்தது' என்று மட்டும் ஹோமர் யூட் எழுதியிருக்கிறார்.

உலகத் தோழமைச் சேவைச் சங்கத்தின் மேரோ க்ரீக் கிளை 1912இல் தொடங்கியது. ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே சேரலாம் என்பது சங்கத்தின் முதல் விதி. போட்டியாளர் இல்லாத அறையில் சக மனிதனை நேசிப்பது எளிது என்று கண்டுபிடித்தவர்கள் சிகாகோவில் உள்ள தலைமையகத்தார். அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். மற்ற இரண்டு விதிகளும் உள்ளூர் விதிகள். லேலண்டின் பாட்டனார் ஆகஸ்ட் ஆஸ்ட்ராண்டர் எழுதியவை. சாப்பிடும் முன் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும், பாட்டுத் தலைவர் எப்படிப் போகிறாரோ அப்படியே மற்றவர்களும் போக வேண்டும் என்பது ஒன்று. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் முதற்பெயரால் அழைக்க வேண்டும், 'மிஸ்டர்' என்று வாய்தவறிச் சொன்னவர் நாற்காலி மேல் ஏறி நின்று தன்னந்தனியாக ஒரு பாட்டு முழுவதையும் பாட வேண்டும் என்பது இன்னொன்று. ஆகஸ்டின் படம் கீழ்த்தளச் சுவரில் இன்றும் தொங்குகிறது. கையில் தாளம் காட்டும் கோலும் அகலத் திறந்த வாயுமாக இருக்கிறார். அந்தக் கோல் ஆகஸ்டிடமிருந்து மகன் கார்லுக்கும், கார்லிடமிருந்து 1922இல் லேலண்டுக்கும் வந்தது. அந்தச் சொத்துக்கு யாரும் உயில் எழுதவில்லை. எழுதத் தேவை இருந்ததாக ஆஸ்ட்ராண்டர்கள் நினைக்கவுமில்லை.

எழும்பிய எட்டுப் பேரும் முதல் நாள் சற்றுத் திகைத்தார்கள். அடுத்த செவ்வாயில் பழகிவிட்டது. அதற்கடுத்த செவ்வாயில் தொப்பியோடு வந்தார்கள், ஏனென்றால் கீழ்த்தளக் கூரையின் கீழே வெந்நீர்க் குழாய்கள் ஓடின. தலைவர் மேசை மணியை அடித்தால் இறங்கிவிடுவார்கள் என்பதும் தெரிந்துபோனது. யார் எவ்வளவு உயரம் என்பதில் வாரத்துக்கு வாரம் பெரிய மாற்றம் இருக்கவில்லை. இருநூற்றெழுபது பவுண்டு க்ளைட் டெவ்ரீஸ் எருக்கம் பஞ்சுபோல் ஏறித் தொப்பியைக் கூரையில் உரசிக்கொண்டு நிற்பார். ஆர்லோ ஃபென்ஸ்கி நாலடி. ஊரில் ஒருவர் விடாமல் எல்லோர் மேலும் அவருக்கு அக்கறை உண்டு, தொழில் அப்படி. போதகர் லூதர் கணுக்கால் உயரத்துக்கு மேல் போகவில்லை, சபையாரும் மரியாதைக்காக அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். டெல்பர்ட் க்ரம் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒய்யாரமாகச் சாய்ந்து, அங்கிருந்தபடியே காப்பீட்டுச் சீட்டின் நன்மைகளை விளக்கினார். கீழே விழும் ஆபத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

சமைக்கும் தேவாலய மாதர் சங்கத்தாருக்குத்தான் தொல்லை. "மேல போறவங்க தட்டைக் கையோட கொண்டு போங்க. ஏணி வச்செல்லாம் எங்களால உருளைக்கிழங்கு பரிமாற முடியாது" என்று அடுக்களைக் கதவில் நின்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் பாட்டு முடிந்த உடனே மணி அடிக்கும் வழக்கம் வந்தது. ஹோமர் யூட் நேர்மையானவர். கூட்ட நேரத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தால்தான் வருகை என்று விதியில் இருப்பதால், மிதப்பவர்களுக்கு வருகை உண்டா என்று சிகாகோவுக்குக் கடிதம் எழுதினார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. உறுப்பினர் அறைக்குள் இருக்கும்வரை விதிகள் உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றும், சந்தா அனுப்ப வேண்டிய தேதி நெருங்குகிறது என்றும் அதில் இருந்தது.

எழும்பாதவர் லேலண்ட் மட்டும். மற்றவர்களின் காலணிகள் தன் நெற்றிக்கு நேரே ஆட, கோலை வீசியபடி, முதுகு வளையாமல் தரையில் நின்றார். முதல் நாளே காரணம் கேட்டார்கள். "ஒருத்தனாவது தரையில நின்னாத்தான் தாளம் நிக்கும். எல்லாரும் ஏறிட்டா யார் பாத்துக்கறது?" என்றார். அது குறிப்பேட்டில் ஏறியது. ஒன்றரை வருடம்வரை ஊர் அதை நம்பியது. இரும்புச் சாமான் கடைக்காரர் சொல்வதை நம்புவது எங்கள் ஊர் வழக்கம்.

உண்மை வேறு. அதை அறிந்தது தான் மட்டுமே என்று லேலண்ட் நினைத்திருந்தார். ஆஸ்ட்ராண்டர்களுக்குப் பாட வராது. ஆகஸ்டுக்கு வராது, கார்லுக்கு வராது, லேலண்டுக்கு அறவே வராது. சுருதி என்பது மற்றவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ரகசிய ஏற்பாடு என்றே அவருக்குத் தோன்றும். கோலைக் கொடுத்த அன்று கார்ல் கடையின் பின்பக்கம், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று மகனிடம் சொன்னது இவ்வளவுதான்: "கை நல்லா ஆடட்டும். வாய் நல்லாத் திறக்கட்டும். சத்தம் மட்டும் வந்துறக் கூடாது. உங்க தாத்தா அப்படித்தான் பேர் வாங்கினாரு." அந்தப் படத்தில் வாய் அவ்வளவு அகலமாகத் திறந்திருப்பதன் காரணம் லேலண்டுக்கு அன்றுதான் விளங்கியது. இருபத்தொன்பது வருடம் அவர் வாயை மட்டும் அசைத்தார். யாரையும் மிஸ்டர் என்று சொல்லிவிடாதபடி நாக்கைக் காவல் காத்தார். மனதுக்குள் எல்லோரையும் மிஸ்டர் என்றே அழைத்தார் என்பது வேறு. துணிக்கடைக்காரரை மில்டன் என்று கூப்பிடும்போதெல்லாம் கையுறை இல்லாமல் எதையோ தொட்டதுபோல் அவருக்கு இருந்தது. வீட்டில் மனைவி டோரதேயாகூட அவர் பாடிக் கேட்டதில்லை. தேவாலயத்தில் அவர் பக்கத்தில் நிற்பவர்கள், மிஸ்டர் ஆஸ்ட்ராண்டர் எவ்வளவு அடக்கமாகப் பாடுகிறார் என்று மெச்சினார்கள்.

1952 இலையுதிர் காலத்தில் டெல்பர்ட் க்ரம் பேச்சை ஆரம்பித்தார். முடிதிருத்தும் கடையில் தொடங்கினார், ஏனென்றால் எங்கள் ஊரில் எதையும் ரகசியமாகப் பரப்ப வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். "தோழமை இருக்கறவன் ஏறுறான். இல்லாதவன் நிக்கிறான். இதுல தாளம் எங்கேருந்துப்பா வந்துது? போதகரே ஒரு சாண் ஏறுறாரு, அவரைவிடவா இவரு கனம்?" என்றார். பிறகு ஜனவரியில் முறைப்படி தீர்மானம் கொடுத்தார்: பாட்டுத் தலைவராக இருப்பவர் எழும்பக் கூடியவராக இருக்க வேண்டும். மே மாதம் சங்கத்தின் மாவட்ட ஆளுநர் வருகிறார், அவர் முன்னிலையில் வாக்கெடுப்பு என்று முடிவானது. எழும்பக் கூடியவர்களில் நல்ல உச்சக் குரல் உள்ளவர் டெல்பர்ட் ஒருவரே என்பதை அவர் தன் வாயால் சொல்லவில்லை. அடக்கமானவர்.

நாற்பது வருடத்துக் கோல். அது போனால் போவது கோல் மட்டுமல்ல. ஏன் போனது என்ற கேள்வி மிச்சம் இருக்கும், அந்தக் கேள்வி ஆகஸ்டின் படம்வரை ஏறிப் போகும். லேலண்ட் தன்னால் ஆனதைச் செய்தார். செவ்வாய்க்கிழமைகளில் காலை உணவைத் தவிர்த்தார். கனமான காலணியை விட்டு லேசான காலணிக்கு மாறினார். கடையில் யாரும் இல்லாதபோது கண்ணை மூடி டெல்பர்ட் க்ரம்மை நேசிக்க முயன்றார். அது அவருக்கு மார்பெரிச்சலைக் கொடுத்தது. கடைசியில் தன் கையாலேயே ஓர் அடி உயரப் பலகை மேடை செய்து, கீழ்த்தளத் தரையின் அதே சாம்பல் பச்சை வண்ணத்தைப் பூசி, சனிக்கிழமை கொண்டுபோய் முன்னால் வைத்தார். சற்றுத் தூரத்திலிருந்து பார்த்தால் அவர் ஓரடி மிதப்பதுபோல் தெரியும். இதை மோசடி என்று சிலர் பின்னால் சொன்னார்கள். மேடையில் நிற்பது பாட்டுத் தலைவரின் உரிமை. அதற்கு என்ன வண்ணம் பூசுவது என்பது அவரவர் ரசனை.

பியானோவைத் துடைக்க வந்த வெர்னா ஷுல்ட்ஸ் அவரை அங்கே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் விதவை அவர். பதினான்கு வருடமாகச் செவ்வாய்தோறும் வாசித்துவிட்டு, உறுப்பினர்கள் உண்டு முடித்தபின் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்.

"நல்லா பூசியிருக்கீங்க, மிஸ்டர் ஆஸ்ட்ராண்டர். ஆனா இதுக்கு இவ்வளவு பாடு வேணாமே. பாடினாப் போதுமே."

"பாடாம என்ன செய்யறேன்?"

"பதினாலு வருஷமா நான் உங்க யார் மூஞ்சியையும் பாத்ததில்ல. சுவரைப் பாத்து உக்காந்திருக்கேன். காதுதான் வேலை செய்யுது. எட்டுக் குரல் கேக்குது. எண்ணிப் பாக்கறேன், எட்டுதான் வருது."

லேலண்ட் வண்ண டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். வெகுநேரம் மூடினார். "யார்கிட்ட சொன்னீங்க?" என்றார்.

"யார் கேட்டாங்க? நான்தான் அங்க இல்லவே இல்லையே, குறிப்பேட்டைப் பாருங்க." வெர்னா துணியை மடித்தார். "இன்னொண்ணும் சொல்றேன். இவங்க எல்லாம் ரெண்டு வருஷமா ஏறுறாங்க. நான் அஞ்சு வருஷமா ஏறுறேன். காலைப் பியானோ காலோட கோத்துக்கிட்டு உக்காந்துக்கறேன். நானும் போயிட்டா வாசிக்கறது யாரு?"

மாவட்ட ஆளுநர் ஹாரிசன் பீல் மே மாதம் மூன்றாம் செவ்வாயில் வந்தார். டெ மாயின் நகரத்தில் பெரிய வக்கீல். முதன்முதலில் எழும்பிய அன்று இருந்த அதே ஒன்பது பேரும் இருந்தார்கள். யாரும் சாகவில்லை, இதில் ஆர்லோவுக்கு மட்டும் லேசான வருத்தம். பன்றி இறைச்சி ரொட்டியும், பாலில் வெந்த உருளைக்கிழங்கும், உள்ளே கேரட் துருவல் அசையும் பச்சை ஜெல்லியும் மேசையில் தயாராக இருந்தன. பாட்டு தொடங்கியது. எட்டுப் பேரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்கள். ஆளுநரும் விருந்தினர் என்ற மரியாதைக்கு ஓர் அங்குலம் எழும்பி, கைப்பெட்டியை மட்டும் கீழே வைத்துவிட்டார். லேலண்ட் மேடையில் நின்று வாயை அகலத் திறந்தார். எல்லாம் சரியாகவே போனது. பாட்டு முடிந்ததும், தலைவர் மணியை அடிக்கும் முன், விருந்தினரை அறிமுகம் செய்வது பாட்டுத் தலைவரின் வேலை. லேலண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, தெளிவான குரலில் சொன்னார்:

"நம்ம மாவட்ட ஆளுநர் மிஸ்டர் பீல் அவர்களை வரவேற்கிறோம்."

முப்பத்தொரு வருடக் காவல் அங்கே முடிந்தது. வாய்தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னாரா என்று ஊர் இன்றுவரை இரண்டு கட்சியாக இருக்கிறது. லேலண்டிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கும்படியான மனிதர் அல்ல அவர்.

குழாயிலிருந்து டெல்பர்ட் கத்தினார்: "சொன்னான்! மிஸ்டர்னு சொன்னான்! எல்லாரும் கேட்டீங்கல்ல? ஏத்துங்கப்பா நாற்காலியில!"

"விருந்தாளி முன்னால வேணாம், விடு டெல்பர்ட்" என்றார் எம்மெட் வாஸ். வலி தெரியாமல் பல் பிடுங்குவதையே வாழ்நாள் லட்சியமாகக் கொண்டவர். "லேலண்ட், அடுத்த வாரம் பாத்துக்கலாம். என்ன?"

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க" என்றார் ஆளுநர், மிதந்தபடி.

வழி திறந்தேதான் இருந்தது. லேலண்ட் சுவரைப் பார்த்தார். அந்த விதியை எழுதியவர் அங்கே வாயைத் திறந்தபடி தொங்கினார், ஒரு சத்தமும் இல்லாமல். விதியை விட்டுக்கொடுத்தால் அவர் எழுதியது போகும். பாடினால் அவர் மறைத்தது போகும். இரண்டில் எது குடும்பத்தின் மானம் என்று முடிவு செய்ய லேலண்டுக்கு, ஹோமரின் குறிப்பேட்டின்படி, முக்கால் நிமிடம் ஆனது. பிறகு அவர் பச்சை மேடையை விட்டு இறங்கினார். கோலை மேசையில் வைத்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, கைக்குட்டையை விரித்து, அதன்மேல் ஏறி நின்றார்.

வெர்னா திரும்பாமலேயே கேட்டார்: "எந்தச் சுருதியில எடுக்கட்டும்?"

"உங்களுக்கு எது வசதியோ அதுல எடுங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

லேலண்ட் ஆஸ்ட்ராண்டர் பாடினார். சங்கத்தின் தொடக்கப் பாட்டையே பாடினார், வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. அவருடைய கடையில் நெளிந்த தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்துச் செல்லும் சத்தத்தை ஊரில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அதைவிட மோசம், ஏனென்றால் தகரம் ஒரே திசையில் போகும். முதல் அடியில் மேலே இருந்தவர்கள் கைக்கு எட்டிய குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் அடியில் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள். க்ளைட் டெவ்ரீஸ் உருளைக்கிழங்கின் மேல் இறங்கினார். அடுக்களையிலிருந்து மாதர் சங்கத்தார் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடிவந்தார்கள். மூன்றாம் அடி முழுவதும் அறையில் வேறு சத்தம் இல்லை. லேலண்டின் குரலும், அது எங்கே போகிறது என்று கட்டைக்குக் கட்டை துரத்திக்கொண்டு ஓடிய வெர்னாவின் பியானோவும்தான். நாற்காலியின் மேல் நின்றவரின் காது இரண்டும் சிவந்திருந்தன. முதுகு வளையவில்லை. முப்பத்தொரு வருடமாக மற்றவர்கள் அவரோடு பாடினார்கள், இப்போது யாரும் பாடவில்லை. அப்படியும் நிறுத்தாமல் நாலாம் அடிக்குப் போனார்.

நாலாம் அடியில் ஆர்லோ ஃபென்ஸ்கி சேர்ந்துகொண்டார். பாட்டுத் தலைவர் எப்படிப் போகிறாரோ அப்படியே என்பது விதி. ஆர்லோ கல்லறைவரை யாருடனும் சேர்ந்து போகிறவர். அதே தகரத்தை அவரும் பிடித்து இழுத்தார். பிறகு க்ளைட், உருளைக்கிழங்கிலிருந்தே. பிறகு மில்டன், வாரன், ஹோமர், எம்மெட், போதகர். சிரிப்பு நடுநடுவே வந்தது, பாட்டு நிற்கவில்லை. சரியான சுருதியில் பாடியவர் டெல்பர்ட் க்ரம் ஒருவரே. ஆகவே அன்று தரையில் நின்றவரும் அவர் ஒருவரே. மற்ற ஏழு பேரும் மறுபடி எழும்பினார்கள். போதகர் அன்று முதன்முறையாக வெந்நீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். ஆளுநர், முகம் சிவக்கச் சிரித்தபடி, இரண்டடி. வெர்னா ஷுல்ட்ஸ் பியானோ காலிலிருந்து தன் காலை எடுத்துவிட்டார். முக்காலியோடு எழும்பினார்; கைகள் கட்டையை விட்டு வந்துவிட்டன, பாட்டு அதற்குள் தானே நடக்கப் பழகியிருந்தது. முதன்முறையாக அவர் முகம் அறையின் பக்கம் திரும்பியது. ஒன்பது என்று விரலால் எண்ணிக் காட்டினார்.

அப்போது கீழே பார்த்த ஒரே ஆள் டெல்பர்ட். "யோவ், நாற்காலியைப் பாருங்கய்யா" என்றார். லேலண்டின் காலணிக்கும் கைக்குட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மில்டன் ஹேக் கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடாவைக் கழற்றி மேலிருந்து போட்டார். டெல்பர்ட்தான் முழங்காலிட்டு அளந்தார். தன் வாயால் அளவைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

அன்றைய குறிப்பேட்டில் ஹோமர் யூட் எழுதியது: 'வெர்னா ஷுல்ட்ஸ், இசை, மூன்றடி.' தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவில்லை. எழும்புபவரே தலைவராக வேண்டும் என்று முன்மொழிந்தவர் தரையில் நிற்பதால் அதை யார் முன்மொழிவது என்ற சிக்கல் எழுந்தது. ஆளுநர் வக்கீல், சிக்கல் எழுந்த கூட்டத்தை எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியும். பச்சை மேடை அடுக்களைக்குப் போனது. மேல் தட்டுப் பாத்திரங்களை எடுக்க மாதர் சங்கத்தார் இன்னும் அதில்தான் ஏறுகிறார்கள். வெர்னா அடுத்த செவ்வாயிலிருந்து மேசையில் சாப்பிட்டார். பெண்ணை உட்காரவைக்கலாமா என்று சிகாகோவுக்கு எழுத வேண்டும் என்று ஹோமர் நினைவூட்டினார். எழுதலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், இன்னும் எழுதவில்லை.

மேரோ க்ரீக் கிளை அதன்பின் தொடக்கப் பாட்டை லேலண்டின் சுருதியிலேயே பாடுகிறது. வெளியூர்க் கிளைகளிலிருந்து வருகிறவர்கள் முதலில் காதைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகு தொப்பியைப் பிடித்துக்கொள்வார்கள். டெல்பர்ட் ஒன்றரை வருடம் தரையில் நின்று சரியாகப் பாடிவிட்டு, பிறகு தனிமை தாங்காமல் தவறாகப் பாடக் கற்றுக்கொண்டார், இப்போது அரையடி. லேலண்ட் 1966 வரை கோலைப் பிடித்தார், பிடித்த ஒவ்வொரு செவ்வாயும் சத்தமாகப் பாடினார், மில்டனை மில்டன் என்றும் ஹோமரை ஹோமர் என்றும் கூப்பிட்டார், மனதுக்குள் என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி இல்லை. மகன் ரோஜருக்குக் கோலைக் கொடுத்த அன்று ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று, "சத்தமாப் பாடு. காது கேக்காதவன் மாதிரி பாடு" என்று மட்டும் சொன்னதாக ரோஜரே சொல்லியிருக்கிறார்.

காலம் போகப் போக ஊர்க்காரர்கள் கதையை வளர்த்துவிட்டார்கள். அன்றைக்கு லேலண்ட் ஆஸ்ட்ராண்டர் அம்புபோல் மேலே போய்க் கூரையில் தலை முட்டினார் என்றும், பியானோவுக்கு மேலே கூரையில் தெரியும் கரிய வட்டம் அவர் தலை பட்ட இடம் என்றும் சொல்லிப் புதிய உறுப்பினர்களுக்குக் காட்டுகிறார்கள். லேலண்ட் காதுக்கு இது எட்டியதும் வாரன் பிக்ஸ்லியின் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார். அது தானிய விலைப் பட்டியலுக்குக் கீழே வெளியானது. அந்த வட்டம் க்ளைட் டெவ்ரீஸின் தொப்பி உரசியதால் வந்தது. லேலண்ட் ஆஸ்ட்ராண்டர் கூரையைத் தொடவில்லை. அவர் எழும்பியது இரண்டே கால் அங்குலம்.